தில்லிக் குளிரும் முதலுதவியும்: ஒரு வரலாறு

தில்லியில் குளிர்காலம் டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரி நடுப்பகுதிவரை நீடிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 216 மீட்டர் உயரத்தில், கடற்காற்று எட்டாத உள்நாட்டுச் சமவெளியில் இந்நகரம் இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்றழுத்த அமைப்புகள் இமயமலையில் பனியையும் சமவெளியில் தூறலையும் கொட்டிவிட்டுக் கிழக்கே நகர்கின்றன. அவை போனதும் வானம் தெளிகிறது. மலைப்பனியைத் தழுவிய வடமேற்குக் காற்று தடையின்றி இறங்குகிறது. மேகமில்லாத இரவில் தரையின் சூடு வெகு விரைவில் வானத்துக்குப் போய்விடுகிறது.

வட்டார வழக்கில் இந்தக் கடுங்குளிரின் உச்சத்தைச் 'சில்லா' என்பார்கள். தனுர் மாதத்தின் கடைசி 15 நாட்கள், மகர மாதத்தின் முதல் 25 நாட்கள் என நாற்பது நாள் கணக்கு அது. தமிழ்க் கணக்கில் மார்கழியின் பின்பாதியும் தையின் பெரும்பகுதியும் அதில் அடங்கும். சனவரியில் தில்லியின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் இதுவரை பதிவானவற்றில் மிகக் குறைந்தது 1935 சனவரி 16-ஆம் தேதியின் மைனஸ் 0.6 டிகிரி. 2006 சனவரி 8 அன்று 0.2 டிகிரியும் 2021-இன் புத்தாண்டு நாளில் 1.1 டிகிரியும் பதிவாயின.

இரவு வெப்பநிலையை மட்டும் பார்த்தால் குளிரின் கடுமை முழுவதும் விளங்காது. மூடுபனி நாள் முழுக்கக் கலையாமல் நின்றால் வெயில் தரையைத் தொடுவதில்லை. பகலே இரவைப் போலக் குளிர்கிறது. 2019 டிசம்பர் 30 அன்று தில்லியின் உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். இந்திய வானிலை ஆய்வுத் துறை இத்தகைய நாளைக் 'குளிர் பகல்' என்றும், சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே இறங்கினால் 'குளிரலை' என்றும், 2 டிகிரி அல்லது அதற்கும் கீழே போனால் 'கடுங்குளிரலை' என்றும் வகைப்படுத்துகிறது.

இந்த எண்களில் ஒரு மருத்துவ உண்மை அடங்கியிருக்கிறது. தோலும் சதையும் உறைய வேண்டுமானால் அவற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போக வேண்டும். தில்லியில் அது அநேகமாக நடப்பதில்லை. ஆகவே விரல் கறுத்து அழுகும் பனிக்கடி இந்நகரத்தின் நோயன்று. இங்கே குளிர் வேறு வழிகளில் தாக்குகிறது: உடலின் உள்வெப்பம் மெல்ல இறங்குவது, விரல்களில் குளிர்வீக்கம், ஈரத்தில் ஊறிய பாதம், குளிருக்கு அஞ்சி மூட்டிய கரியின் நச்சு. குளிர்க் காயம் என்றாலே பனிமலை என்ற எண்ணம் வேரூன்றியிருந்ததால், பனி விழாத தலைநகரில் குளிரால் நேரும் கேட்டை அடையாளம் காண நெடுங்காலம் ஆயிற்று.

அரண்மனையும் அங்கீட்டியும்

தில்லியை ஆண்ட பலர் பனிநாட்டைக் கடந்து வந்தவர்கள். குளிர்க் காயம் எப்படிப்பட்டது என்பதைச் சொந்த அனுபவத்தில் அறிந்தவர்களுள் முதன்மையானவர் பாபர். 1506-07 குளிர்காலத்தில் ஹெராத்திலிருந்து காபூலுக்கு மலைவழியே திரும்பியபோது அவருடைய படை இடுப்பளவு பனியில் சிக்கியது. குகைக்குள் சென்று தங்கும்படி தோழர்கள் வற்புறுத்தினர். வீரர்கள் வெளியே கிடக்கத் தாம் மட்டும் உள்ளே போவது தகாது என்று பனியிலேயே குழி தோண்டி அமர்ந்ததாகவும், தம் காதுகள் குளிரால் பாதிக்கப்பட்டதாகவும், அந்தப் பயணத்தில் சிலர் கைகால்களை இழந்ததாகவும் அவர் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகள் கழித்து, 1526-இல், அவர் தில்லியைக் கைப்பற்றினார்.

அவருடைய வழித்தோன்றல்கள் தில்லிக் குளிரைக் கட்டடக் கலையால் எதிர்கொண்டனர். 1648-இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கோட்டையின் ஹம்மாமில் மூன்று பகுதிகள் உண்டு. அவற்றுள் மேற்குப் பகுதி வெந்நீருக்கும் ஆவிக்குமானது. அதைச் சூடாக்கும் அடுப்பமைப்பு சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டது. தீ ஒரு பக்கமும் மனிதர் மறுபக்கமும் இருந்ததால், புகையைச் சுவாசிக்காமல் சூட்டை மட்டும் பெற முடிந்தது.

எளியவர் வீட்டில் அந்த வசதி இல்லை. அங்கே அங்கீட்டி என்ற கணப்புச் சட்டிதான் துணை. மண்ணாலோ இரும்பாலோ ஆன சிறிய அடுப்பில் மரக்கரியை நிரப்பி, முற்றத்தில் பற்றவைத்து, தணல் சிவந்து புகை அடங்கியபின் அறைக்குள் கொண்டுவருவார்கள். கண்ணை எரிக்கும் புகை அடங்கினால் ஆபத்தும் அடங்கிவிட்டது என்று நம்பப்பட்டது. தெருமுனைகளில் சருகும் மரத்துண்டும் கூட்டி மூட்டும் அலாவ் என்ற நெருப்பைச் சுற்றிக் காவலாளிகளும் கூலிகளும் வண்டிக்காரர்களும் இரவைக் கழித்தனர்.

போர்த்திக்கொள்ளத் தில்லிக்குப் பெருந்துணை ரஜாய். இரண்டு துணிகளுக்கு இடையே பஞ்சை நிரப்பி, நெருக்கமாகத் தையல் ஓட்டிய கனத்த போர்வை அது. ஒரு குளிர்காலம் கழிந்தால் பஞ்சு அமுங்கிக் கட்டிதட்டிவிடும். அப்போது துனியா என்ற பஞ்சுகொட்டும் தொழிலாளி தோளில் பெரிய வில்லோடு தெருவில் வருவார். நாணை அதிரவைத்துப் பஞ்சை உதறி, மறுபடியும் உப்பச் செய்து நிரப்பித் தருவார். உடலைக் காப்பது பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் அசையாத காற்றுதான். பஞ்சு அமுங்கினால் அந்தக் காற்று போய்விடும், நனைந்தாலும் போய்விடும். அந்தக் காற்றைத் திரும்ப நிரப்புவதே துனியாவின் வேலை.

பதுங்குகுழிகளில் கற்ற பாடம்

குளிர்க் காயத்துக்கான மருத்துவம் போர்க்களங்களில் வளர்ந்தது. நெப்போலியனின் படைமருத்துவர் டொமினிக் ழான் லாரே, 1807-இல் ஐலாவ் போர்க்களத்திலும் 1812-இல் ரஷ்யப் பின்வாங்கலிலும் ஆயிரக்கணக்கான பனிக்கடிகளைப் பார்த்தார். உறைந்த கைகால்களை நெருப்பருகே நீட்டியவர்களுக்கு அழுகல் வேகமாகப் பரவியதைக் கவனித்தார். மரத்துப்போன தோலுக்குச் சூடு உறைக்காததால் அவர்கள் தம்மை அறியாமலே வெந்துபோனார்கள். நெருப்பைத் தவிர்க்கச் சொன்னதில் லாரே சரி. ஆனால் அதற்கு மாற்றாக அவர் சொன்னது உறைந்த இடத்தைப் பனியால் தேய்க்கும் முறை. அந்தத் தவறு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முதலுதவிக் கையேடுகளில் தொடர்ந்து இடம்பெற்றது. தேய்க்கும்போது, உறைந்த திசுக்களுக்குள் இருக்கும் பனிப் படிகங்கள் செல்களைக் கிழிக்கின்றன என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

இந்திய வீரர்கள் பெருந்தொகையாகக் குளிர்க் காயம் அடைந்தது முதல் உலகப் போரில். 1914 இலையுதிர் காலத்தில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய லாகூர், மீரட் டிவிஷன்கள் வெப்பநாட்டு உடையோடு பிரான்சின் போர்முனைக்குச் சென்றன. கம்பளி உடைகள் தாமதமாகவே வந்தன. முழங்கால் அளவு சேற்றுநீர் நின்ற குழிகளில் நாள்கணக்காக நின்றவர்களுக்கு 'பதுங்குகுழிப் பாதம்' என்ற நோய் கண்டது. நீர் உறையாத வெப்பநிலையிலும் அது வரும். ஈரமும் குளிரும் இறுக்கமான காலணியும் சேர்ந்தால் பாதத்துக்கு ரத்தம் போவது குறைந்து, முதலில் வெளுத்து மரத்து, பிறகு சிவந்து வீங்கி, கொப்புளம் கண்டு, முற்றினால் அழுகுகிறது.

இதற்கான தீர்வு ஒழுங்குமுறையில் கிடைத்தது. காலுறைகளை அடிக்கடி மாற்றுவது, பாதத்தைத் துடைத்து உலர்த்துவது, திமிங்கில எண்ணெய் தடவுவது, ஒருவர் பாதத்தை இன்னொருவர் பரிசோதிப்பது ஆகியவை 1915 முதல் கட்டளையாயின. எண்ணெயின் பயன் சிறிதே. தினமும் காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்து உலர்த்தியதே நோயைக் குறைத்தது. அந்தப் போரில் இறந்தவர்களின் நினைவாகவே தில்லியின் இந்தியா கேட் எழுந்தது. 1921-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1931-இல் அது திறந்துவைக்கப்பட்டது. முதலுதவிக் கல்வியைப் பரப்பிய இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதன் தலைமையகம் தில்லியில் உள்ளது.

1947: அகதிகளின் குளிர்காலம்

நாட்டுப் பிரிவினையின்போது தில்லி திறந்தவெளி முகாம்களின் நகரமானது. பாகிஸ்தானுக்குப் புறப்படக் காத்திருந்த முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் தங்கினர். மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் கிங்ஸ்வே முகாமிலும் கிடைத்த இடங்களிலும் ஒதுங்கினர். இரண்டு தரப்பினருக்கும் தலைக்குமேல் இருந்தது கூடாரத் துணி, அல்லது வெறும் வானம்.

1947 செப்டம்பரில் தில்லி வந்த காந்தி, அக்டோபர் மாதப் பிரார்த்தனைக் கூட்டங்களில் வரப்போகும் குளிரைப் பற்றி எச்சரித்தார். கம்பளிகளும் ரஜாய்களும் கொடுத்து உதவும்படி வேண்டினார். ரஜாயைப் பிரித்துத் துணியைத் துவைத்து, பஞ்சைக் கொட்டி மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்பதையும், இரவுப் பனி நனைக்காமலிருக்கப் பழைய செய்தித்தாள்களை மேலே விரிக்கலாம் என்பதையும் எடுத்துச் சொன்னார். எளிமையாகத் தோன்றும் இந்த யோசனை அறிவியலுக்கு முற்றிலும் பொருந்துவது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. பனியில் நனைந்த பஞ்சுப் போர்வை உடலைக் காப்பதற்கு மாறாக, உடலின் சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும். தாள்களுக்கு இடையே சிக்கும் காற்று மேலும் ஓர் அடுக்குக் காப்பு.

1962-க்குப் பின்: ஆய்வகத்துக்கு வந்த குளிர்

1962 அக்டோபர் - நவம்பரில் நடந்த சீனப் போரில், சமவெளியிலிருந்து அவசரமாக ஏற்றப்பட்ட படைப்பிரிவுகள் பருத்திச் சீருடையோடும் சாதாரணக் காலணியோடும் இமயமலையில் நின்றன. குண்டடி பட்டவர்களோடு பனிக்கடி பட்டவர்களும் சேர்ந்தே இறக்கப்பட்டனர். நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் போரிட்டு மடிந்த குமாவோன் படைப்பிரிவு வீரர்களின் உடல்கள், மறு ஆண்டு பிப்ரவரியில் உறைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தில்லிக்குத் தெற்கேயுள்ள ரேவாரி வட்டாரச் சமவெளிக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்.

அதே 1962-இல்தான் உயரமும் குளிரும் வெப்பமும் வீரரின் உடலை என்ன செய்கின்றன என்று ஆராயும் பாதுகாப்பு உடலியல் மற்றும் துணை அறிவியல் நிறுவனம் உருவானது. அது தொடங்கப்பட்ட இடம் சென்னை. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே தில்லிக்கு மாற்றப்பட்டு, பின்னர் திமார்ப்பூரில் நிலைகொண்டது. 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சின் பனியாற்றில் இந்தியப் படை நிலைகொண்டபின் அதன் வேலை பன்மடங்காகப் பெருகியது. மைனஸ் 50 டிகிரிவரை இறங்கக்கூடிய இடத்தில் ஆண்டு முழுவதும் மனிதர்கள் வாழ வேண்டியிருந்தது.

உலக அளவில் அதற்குள் பனிக்கடி மருத்துவம் தலைகீழாக மாறியிருந்தது. 1930-களிலும் 40-களிலும் சோவியத் மருத்துவர்கள் செய்த ஆய்வுகளும், 1960-ஐ ஒட்டி அலாஸ்காவில் வில்லியம் மில்ஸ் நோயாளிகளிடம் கண்ட பலன்களும், உறைந்த உறுப்பை வெதுவெதுப்பான நீரில் விரைவாகச் சூடேற்றுவதே திசுக்களைக் காப்பாற்றும் என்று காட்டின. பனியால் தேய்ப்பது கைவிடப்பட்டது.

தில்லி ஆய்வகம் இதை இந்தியச் சூழலுக்கு ஏற்பச் சோதித்தது. பின்னாளில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் உயர் பொறுப்புகளுக்குச் சென்ற டபிள்யூ. செல்வமூர்த்தி உள்ளிட்ட குழுவினர் எலிகளில் செய்த சோதனைகளில், வெந்நீரோடு கறுப்புத் தேயிலை வடிநீரும் சூடேற்றும் ஊடகமாகப் பயன்படுத்தப்பட்டது. அதன்பின் ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் பெண்டாக்சிஃபிலின், ஆஸ்பிரின், வைட்டமின் சி ஆகியவை தரப்பட்டன. படைமுகாம் எதிலும் தேயிலைக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த ஆய்வுக்கு நடைமுறை மதிப்பு இருந்தது. பிற்காலத்தில் இதே நிறுவனம் கற்றாழையை அடிப்படையாகக் கொண்ட 'அலோகால்' என்ற தடுப்புக் களிம்பையும், பனிமலைக் கூடாரங்களுக்கான 'ஹிம்தாபக்' என்ற வெப்பமூட்டியையும் உருவாக்கியது. அந்த வெப்பமூட்டியின் வடிவமைப்பில் கார்பன் மோனாக்சைடு நச்சு அறைக்குள் தேங்காமல் பார்த்துக்கொள்வது முக்கிய நோக்கமாயிருந்தது.

நடைபாதையில் இறங்கும் உடல்வெப்பம்

பனியாற்றுக்கான மருத்துவம் தில்லியில் வளர்ந்துகொண்டிருந்தபோதே, அதே நகரத்தின் நடைபாதைகளில் ஆண்டுதோறும் மனிதர்கள் குளிரில் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய நோய் வேறு. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலைக்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். 32 முதல் 35 டிகிரிவரை லேசானது, 28 முதல் 32 வரை நடுத்தரமானது, 28-க்குக் கீழே கடுமையானது. வெளியே 10 டிகிரி இருந்தாலும் போதும். வெறும் சிமெண்டுத் தரை, வீசும் காற்று, நனைந்த உடை, காலியான வயிறு, முதுமை, மது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரே இரவில் இது நேரும்.

இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குக் கருவியும் ஒரு காரணம். காய்ச்சல் பார்க்கும் வழக்கமான பாதரச வெப்பமானியின் அளவுகோல் 35 டிகிரியில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உடல் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அது காட்டாது. பிரிட்டனில் 1960-களில், லண்டன் அரச மருத்துவர் கல்லூரி மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபின்தான் வீட்டுக்குள்ளேயே முதியவர்கள் இப்படிக் குளிர்ந்துபோவது பரவலாகக் கவனிக்கப்பட்டது. குறைந்த வெப்பநிலையைக் காட்டும் கருவிகளின் தேவையும் அப்போது உணரப்பட்டது. நோயின் அடையாளங்களும் ஏமாற்றக்கூடியவை. நாக்குழறல், தள்ளாட்டம், குழப்பம், தூக்கக் கலக்கம் ஆகிய அனைத்தும் குடிபோதையின் அடையாளங்களைப் போன்றவை. நடைபாதையில் கிடப்பவரைக் குடிகாரர் என்று கடந்துபோவது எளிது.

பழைய தில்லியில் தூக்கமே ஒரு வணிகமாக இருந்துவந்தது. ஜாமா மசூதியை அடுத்த மீனா பஜார் பகுதியில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ரஜாயும் கட்டிலும் வாடகைக்கு விடப்பட்டன. ஷௌனக் சென் இயக்கி 2015-இல் வெளிவந்த 'சிட்டீஸ் ஆஃப் ஸ்லீப்' ஆவணப்படம், இந்தத் தூக்கச் சந்தையையும் யமுனையின் லோஹா புல் இரும்புப் பாலத்தடியில் ஒதுங்குபவர்களையும் பதிவு செய்தது. வாடகை கொடுக்க இயலாதவருக்கு அரசின் ரெய்ன் பசேரா என்ற இரவுத் தங்குமிடங்கள் இருந்தன. ஆனால் தேவைக்கு அவை மிகக் குறைவு. 2000-இல் ஆஷ்ரய் அதிகார் அபியான் என்ற அமைப்பு இரவில் தெருத்தெருவாகச் சென்று எண்ணியபோது 52,765 பேர் வீடின்றித் தூங்குவது தெரியவந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தில்லியின் வீடற்றோர் எண்ணிக்கையை 46,724 என்றது.

திருப்பம் 2009-10 குளிர்காலத்தில் வந்தது. டிசம்பரில் பூசா சாலை அருகே இருந்த தற்காலிகத் தங்குமிடம் ஒன்றை மாநகராட்சி அகற்றியது. அங்கிருந்தவர்கள் கடுங்குளிரில் தெருவுக்கு வந்தனர். செய்தி வெளியானதும் தில்லி உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2001 முதல் நடந்துவந்த உணவுரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் 2010 சனவரியில் உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினர். உணவின்றி நலிந்த உடல் குளிரைத் தாங்காது என்பதால் உணவுரிமையும் தங்குமிடமும் பிரிக்க முடியாதவை என்ற வாதம் ஏற்கப்பட்டது. தங்குமிடங்களை உடனடியாகப் பெருக்கும்படி தில்லி அரசுக்கு உத்தரவு வந்தது. பிறகு, ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவுகோல் மற்றப் பெருநகரங்களுக்கும் விரிந்தது. அதே 2010-இல் தில்லி நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியம் தனிச் சட்டத்தின்கீழ் அமைந்தது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை கூடுதல் கூடாரங்கள் அமைப்பதும், இரவில் வண்டிகளில் சுற்றித் தெருவில் கிடப்பவர்களை அழைத்துவருவதும் அதன் குளிர்காலத் திட்டமாயின.

2020 நவம்பர் இறுதி முதல் தில்லியின் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் பல்லாயிரம் விவசாயிகள் டிராக்டர் டிரெய்லர்களில் தங்கிப் போராடியபோது, திறந்தவெளிக் குளிர் மறுபடியும் நாட்டின் பேச்சுப்பொருளானது. பலர் முதியவர்கள். வைக்கோலைத் தரையில் பரப்பி அதன்மேல் படுத்தனர். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முதன்மையானது என்ற உழவர் அறிவு அதில் தெரிந்தது.

கடுங்குளிரைவிட மிதமான குளிரே கூடுதலான உயிர்களைக் கொள்கிறது என்பதும் இக்காலத்தில் வெளிப்பட்டது. இந்தியாவில் 2001 முதல் 2013 வரை நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, மிதமான குளிரோடு தொடர்புடைய மாரடைப்பு, பக்கவாதம், சுவாச நோய் இறப்புகள் உச்சக் குளிரோடு தொடர்புடையவற்றைவிடப் பன்மடங்கு என்று காட்டியது. குளிரில் தோலின் ரத்தநாளங்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுவது இதற்கு ஒரு காரணம்.

இன்றைய முதலுதவி

இந்த நெடிய வரலாற்றில் நெருப்பு, பனி, பிராந்தி, தேய்ப்பு ஆகிய பழைய மருந்துகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, இன்றைய முறை எஞ்சியிருக்கிறது.

உடல் குளிர்ந்தவரிடம் முதலில் தெரிவது நடுக்கம். வெளிறிய குளிர்ந்த தோல், குழறல், தள்ளாட்டம், பித்தான் போட முடியாத விரல்கள் ஆகியவை தொடரும். நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை தேறியதாகக் கருதக்கூடாது. உடல் தன் கடைசிச் சூட்டையும் செலவழித்துவிட்டது என்பதன் அறிகுறி அது. சிலர் அந்தக் கட்டத்தில் வெப்பம் தாக்குவதாக உணர்ந்து உடையைக் களைவதும் உண்டு. பச்சிளங்குழந்தை நடுங்காது. தோல் சில்லிட்டு, பால் குடிக்காமல் அசைவற்றுக் கிடப்பதே அதனிடம் காணும் அடையாளம்.

அத்தகையவரைக் காற்றுப் படாத இடத்துக்கு மெதுவாக நகர்த்த வேண்டும். குலுக்கினாலோ முரட்டுத்தனமாகத் தூக்கினாலோ குளிர்ந்த இதயத்தின் துடிப்பு தாறுமாறாகலாம். ஈர உடையைக் களைந்து உலர்ந்ததை அணிவிக்க வேண்டும். தரையிலிருந்து பிரிக்க அட்டை, செய்தித்தாள், வைக்கோல், கம்பளி என எது கிடைத்தாலும் கீழே விரிக்கலாம். தலையையும் கழுத்தையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். சூட்டை முதலில் நெஞ்சு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களுக்குத் தர வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி அதற்குப் போதும். முழு நினைவோடு விழுங்க முடிந்தவருக்கு மட்டும் சர்க்கரை சேர்த்த சூடான பானம் கொடுக்கலாம். மது கூடாது. அது தோலின் ரத்தநாளங்களை விரித்து, சூடு ஏறுவது போன்ற உணர்வைத் தந்தபடியே உள்வெப்பத்தை வெளியேற்றுகிறது. கைகால்களைத் தேய்ப்பதும் கூடாது. பச்சிளங்குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து இருவரையும் போர்த்துவது சிறந்த வழி. நினைவிழந்தவருக்கு மூச்சு மிக மெதுவாக ஓடலாம் என்பதால் ஒரு நிமிடம்வரை கவனித்துப் பார்க்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்கி, 112 எண்ணில் உதவி கோர வேண்டும். உடல் சில்லிட்டு விறைத்திருப்பதை மட்டும் கொண்டு இறந்ததாக முடிவு செய்யலாகாது.

குளிர்வீக்கம் தில்லி வீடுகளில் மிகப் பரவலானது. குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவுபவர்களுக்கும், ஈரக் காலணியோடு நடப்பவர்களுக்கும், சில மணி நேரம் கழித்து விரல்கள் சிவந்தோ ஊதா நிறத்திலோ வீங்கி அரிக்கும், எரியும். கையை நேரே ஹீட்டர் முன்போ தணல் மேலோ காட்டினால் அது மோசமாகும். மெதுவாக வெதுவெதுப்பாக்கி, உலர்த்தி, கையுறையோ காலுறையோ அணிந்தால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறிவிடும். புண்ணானாலும், நீரிழிவு நோயாளிக்கு வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பனிமலைக்குச் சென்று பனிக்கடியோடு திரும்புபவர்களும் தில்லியில் உண்டு. வெளுத்து, மெழுகு போலக் கெட்டியாகி, உணர்விழந்த விரலே அடையாளம். மோதிரத்தையும் இறுக்கமான காலணியையும் கழற்ற வேண்டும். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் சூடேற்றாமல் விட வேண்டும். ஒருமுறை இளகி மீண்டும் உறையும் திசு பெரும்பாலும் பிழைப்பதில்லை. பாதுகாப்பான இடம் சேர்ந்ததும் 37 முதல் 39 டிகிரி வரையிலான நீரில், தோல் சிவந்து மென்மையாகும்வரை, ஏறத்தாழ அரைமணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். இளகும்போது வலி கடுமையாக இருக்கும். கொப்புளங்களை உடைக்காமல், விரலிடுக்குகளில் தூய துணி வைத்துத் தளர்வாகக் கட்டி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

தணலின் நச்சு

தில்லியின் குளிர்கால உயிரிழப்புகளில் தனி இடம் பெறுவது அங்கீட்டி. கரி முழுமையாக எரியாதபோது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. புகை அடங்கிய தணலும் இதை வெளியிடுகிறது என்பதால், பழைய வழக்கம் தந்த நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது. சன்னலில்லாத ஒற்றை அறை, குளிருக்காக இடுக்குகளில் அடைத்த துணி, தூங்கும் குடும்பம் ஆகியவை சேரும்போது மரணம் ஓசையின்றி நேர்கிறது. 2024 சனவரி நடுவில் ஒரே நாளில், அலிப்பூர் பகுதியிலும் இந்தர்புரியிலுமாக ஆறு பேர் இப்படி இறந்து கிடந்தனர்.

தலைவலி, குமட்டல், மயக்கம், ஓர் அறையில் இருந்த பலருக்கும் ஒரே நேரத்தில் உடல்நலக் குறைவு ஆகியவை இதன் அடையாளங்கள். உதவ வருபவர் மூச்சை அடக்கிக் கதவையும் சன்னலையும் திறந்து, பாதிக்கப்பட்டவரை வெளிக்காற்றுக்கு இழுத்துவர வேண்டும். பிறகு ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டும். தேறியதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம், ஏனெனில் மூளையின் பாதிப்பு நாட்கள் கழித்தும் வெளிப்படலாம். தடுக்கும் வழி ஒன்றே: தூங்கப் போகுமுன் தணலை அறைக்கு வெளியே எடுத்துவைப்பது. குளிருக்கு நெருப்பைத் தவிர வேறு துணையற்ற அறைகள் இருக்கும்வரை, உலர்ந்த ரஜாயும் காற்றோட்டமுள்ள தங்குமிடமும் தில்லியில் முதலுதவிப் பொருட்களின் பட்டியலில் சேர்ந்தவையே.